காகிதம் வரட்டும்

மாலை நான்கு மணிக்கு ஆசிரியர் அறையில் கூட்டம் முடியும். மறுநாள் தலையங்கம் எதைப் பற்றி என்பது அங்கே முடிவாகும். எட்டு மணிக்குள் ஏறத்தாழ 450 சொற்கள் பக்கம் அமைப்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். விடிந்ததும் ஓசூரிலும் திருச்செந்தூரிலும் டீக்கடைப் பெஞ்சில் யாரோ ஒருவர் அதை வாய்விட்டுப் படிப்பார். பக்கத்தில் இருப்பவர் மறுத்துப் பேசுவார். அந்த நான்கு மணி நேரம்தான் என் தொழில். தமிழ் நாளிதழ் ஒன்றில் தேசிய நடப்புக்கும் உலக நடப்புக்கும் தலையங்கமும் நடுப்பக்கக் கட்டுரையும் எழுதுகிறவள் நான். 1990ஆம் ஆண்டின் கடைசியில் உதவி ஆசிரியராகச் சேர்ந்ததிலிருந்து வேறு வேலை பார்த்ததில்லை.

இதைக் கருத்துச் சொல்லும் வேலை என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் பார்க்கிற உறவுக்காரர்கள், "உனக்கென்னம்மா, மனசுல பட்டதை எழுதினாப் போதும்" என்பார்கள். உண்மையில் நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் படிப்பதற்கே போய்விடும். மசோதா, தீர்ப்பு, தீர்மானம், அரசாணை, நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கொடுத்த பதில் என்று எதைப் பற்றி எழுதப் போகிறோமோ அதன் மூல ஆவணத்தைத் தேடி எடுத்து, வரிவரியாகப் படித்து, பழைய ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முதல் வாக்கியம் பிறக்கும்.

எனக்கு இதைப் பழக்கியவர் அப்போது தலையங்கப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மூத்தவர். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் 'சார்'. டெல்லியில் ஏதாவது நடந்து டெஸ்க்கே கொதித்துக்கொண்டிருக்கும்போது அவர் மேசையிலிருந்து அமைதியாக ஒரு குரல் வரும்: "காகிதம் வரட்டும்." தலைவர்களின் கண்டன அறிக்கைகள் குவிந்து கிடக்கும். அவற்றை அவர் தொடவே மாட்டார். "கண்டனம் நாளைக்கும் இருக்கும்மா. உத்தரவுல என்ன எழுதியிருக்கான்னு பாரு" என்பார்.

நான் சேர்ந்ததை ஒட்டிய சில மாதங்களில் உலகமும் நாடும் ஒரே டெலிபிரிண்டரில் வந்து விழுந்துகொண்டிருந்தன. 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அங்கிருந்து தப்பி வந்த இந்தியர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து விமானங்களில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1991 ஜனவரி 17 அன்று வான்தாக்குதல் தொடங்கியது. அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய மண்ணில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ள பிரதமர் சந்திரசேகரின் அரசு இடம் கொடுத்தது அம்மாத இறுதியில் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதே நாட்களில், ஜனவரி 30 இரவு, தமிழ்நாட்டில் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது.

அன்று இரவு அலுவலகத்தில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆளுக்கொரு தலையங்கம் மனதில் எழுதி வைத்திருந்தோம். சார் கேட்டது ஒரே கேள்வி: "ஆளுநர் அறிக்கை எங்கே?" டெல்லி நிருபரைப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் தெளிவானது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை கொடுக்க மறுத்திருந்தார். ஆளுநர் அறிக்கை இல்லாமலும் குடியரசுத் தலைவர் முடிவெடுக்க 356ஆவது பிரிவில் வழி இருந்தது. அந்த வழியைத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். வராத அந்தக் காகிதத்தைப் பற்றியே சார் தலையங்கம் எழுதினார். கலைப்பு சரியா தவறா என்று கட்சி கட்சியாகப் பிரிந்து நின்ற வாசகர்களிடம் அவர் வைத்தது இதுதான்: மாநிலத்தில் இருந்து பார்த்தவர் எழுதித் தராத ஒன்றை டெல்லியில் இருப்பவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? மூன்று ஆண்டு கழித்து, 1994 மார்ச் 11 அன்று, எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கலைப்புக்கு ஆதாரமாக இருந்த விவரங்களை நீதிமன்றம் கேட்டுப் பார்க்கலாம் என்றது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை உட்கார்ந்து படித்தபோது, 1991இன் அந்த ஒரு கேள்வி எவ்வளவு சரியான இடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்தது.

உலகப் பக்கம், தேசியப் பக்கம், வணிகப் பக்கம் என்று டெஸ்க்கில் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பிரிவினை உதவாது. குவைத் போரால் கச்சா எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணம் குறைந்தது, ஏற்கெனவே நலிந்திருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 1991 மே மாதம் 20 டன் தங்கம் வெளியே போயிற்று. ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகு வைத்தார்கள். அடுத்த மாதங்களில் உரம், ரயில், ரேஷன் என்று எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் கணக்கு குவைத்தில் போய் நின்றது. சிவகங்கையில் ஒரு வீட்டுக்கு மணியார்டர் நின்றதும் பம்பாய் விமான நிலையத்திலிருந்து தங்கப் பெட்டி ஏறியதும் ஒரே செய்தி என்பதை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அப்போதிருந்து உலகச் செய்தி என்று தனியாக ஒன்றை நான் படித்ததில்லை.

தமிழில் இந்த வேலைக்கு நல்ல மரபு உண்டு. 1904இல் பாரதி சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை ஆங்கிலத் தந்திகளை மொழிபெயர்ப்பது. 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் ருஷ்யாவில் ஜார் மன்னருக்கு எதிராக நடந்த கிளர்ச்சிகளைச் சென்னை வாசகர்களுக்குத் தொடர்ந்து எடுத்துச் சொன்னார். பிற்காலத்தில் தினமணியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்த ஏ.என். சிவராமன், 'கணக்கன்' என்ற பெயரில் பொருளாதாரத்தையும் உலக நடப்பையும் பக்கம் பக்கமாக விளக்கினார். இவர்கள் யாரும் தமிழ் வாசகருக்கு இவ்வளவு போதும் என்று குறைத்துக் கொடுத்தவர்கள் இல்லை. தீர்மானத்தின் வரிகள் ஆங்கிலம் படிக்கிறவருக்கும் தீர்மானத்தைப் பற்றிய கோபம் மட்டும் தமிழ் படிக்கிறவருக்கும் என்று பங்கு பிரிப்பதை நான் ஒருநாளும் ஏற்கவில்லை. ஏற்கவும் மாட்டேன். இதில் எனக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு.

அந்தப் பிடிவாதத்துக்குப் பெரிய சோதனை ஜெனீவா.

2009 மே மாதம் நடந்ததை இங்கே விவரிக்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்புக் கூட்டம் கூடியது. மே 27 அன்று நிறைவேறிய தீர்மானம் இலங்கை அரசு தானே முன்வைத்தது. போர் முடிந்ததை வரவேற்றது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. ஆதரித்த 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அன்றைக்கு எழுதுவதற்குக் கை வரவில்லை. அழுகையும் ஆத்திரமும் இருந்தன; அவை என் வாசகர்களிடமும் வேண்டிய மட்டும் இருந்தன. அவர்களுக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது வேறு. 47 நாடுகள் கொண்ட இந்த மன்றம் எது, பாதுகாப்பு மன்றத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது, இங்கே நிறைவேறும் தீர்மானம் ஒரு நாட்டைக் கட்டுப்படுத்துமா, கட்டுப்படுத்தாது என்றால் அதற்காக ஏன் இத்தனை நாடுகள் இவ்வளவு பாடுபடுகின்றன? அதை எழுதினேன். 'ஐ.நா.' என்ற ஒரே பெயருக்குள் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பி வைத்திருந்த தமிழ்ச் செய்திகளுக்கு நடுவே அது தனியாகத் தெரிந்தது.

2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் பற்றிப் பேச்சு தொடங்கியதும் சென்னையில் எல்லாருக்கும் ஒரே எதிர்பார்ப்பு: இந்தியா ஆதரிக்குமா? நான் வரைவை எடுத்து வைத்துக்கொண்டேன். ஐ.நா. தீர்மானங்களைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. முதல் பாதி முழுக்க முன்னுரை. 'நினைவுகூர்ந்து', 'கவனத்தில் கொண்டு', 'கவலையுடன் குறிப்பிட்டு' என்று போகும். நாடுகள் தங்கள் மனச்சாட்சிக்கு அங்கே இடம் தேடிக்கொள்ளும். எண் போட்டு வருகிற பத்திகளில்தான் வேலை இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் அப்படி மூன்றே பத்திகள். இலங்கை அரசு தானே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அந்த அரசே நிறைவேற்ற வேண்டும் என்றது முதலாவது. அதற்கு ஒரு செயல்திட்டம் கொடுக்க வேண்டும் என்றது இரண்டாவது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் ஆலோசனையும் உதவியும் தரலாம் என்றது மூன்றாவது; இலங்கை அரசின் இசைவோடுதான் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இந்தியாவின் முயற்சியால் சேர்ந்தது. மார்ச் 22 அன்று 24 நாடுகள் ஆதரித்தன, 15 எதிர்த்தன, 8 நடுநிலை வகித்தன. இந்தியா ஆதரித்தது. மறுநாள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள்.

நான் அந்த மூன்று பத்திகளையும் அப்படியே தமிழாக்கி நடுப்பக்கத்தில் போட வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் கூட்டத்தில் தயக்கம் இருந்தது. மகிழ்ச்சியாக இருக்கிற நேரத்தில் இதைப் போட்டால் வாசகர்கள் மனம் புண்படும் என்றார் ஒருவர். தமிழர்களுக்காக நிறைவேறியதாகச் சொல்லப்படும் தீர்மானத்தைத் தமிழர்கள் படிக்க வேண்டாமா என்று கேட்டேன். போட்டார்கள். அதன் கீழே நான் எழுதிய கட்டுரையைவிட அந்த மூன்று பத்திகள்தான் பேசப்பட்டன. மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர், அந்தப் பக்கத்தை நகலெடுத்து நீதிமன்ற வளாகத்தில் ஒட்டியதாக எழுதினார்.

2013இல் சூழ்நிலை இன்னும் கடினமானது. லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுவதும் பரவியது. பன்னாட்டு விசாரணை வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கையின் உயிர். மார்ச் 19 அன்று மத்திய அரசுக்கு அளித்துவந்த ஆதரவை தி.மு.க. விலக்கிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து வாக்கெடுப்பு. 25 ஆதரவு, 13 எதிர்ப்பு, 8 நடுநிலை. இந்தியா மறுபடியும் ஆதரித்தது. ஆனால் மாணவர்கள் கேட்டது தீர்மானத்தில் இல்லை. நம்பத்தகுந்த, சுதந்திரமான விசாரணையை இலங்கை அரசே நடத்த வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. பட்டினி கிடக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. சொல்லாமல் விடுவது அவர்களை மதிக்காமல் இருப்பது என்று எனக்குப் பட்டது. "இந்தியா ஆதரிக்கிறதா என்று கேட்பதோடு எதை ஆதரிக்கிறது என்றும் கேளுங்கள்" என்று எழுதினேன். பந்தலிலிருந்து ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, அப்போ நாங்க எந்தப் பத்தியை மாத்தச் சொல்லணும்?" என்று கேட்டாள். அந்த வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண்ணுக்காக இந்தத் தொழிலில் இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் உட்காரலாம்.

அவள் கேட்ட மாற்றம் 2014இல் வந்தது. அந்த ஆண்டுத் தீர்மானத்தின் பத்தாவது பத்தி, ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விரிவான விசாரணை நடத்தக் கேட்டுக்கொண்டது. மார்ச் 27 அன்று 23 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. 12 எதிர்ப்பு, 12 நடுநிலை. அந்தப் பன்னிரண்டு நடுநிலையில் இந்தியா இருந்தது. வெளியிலிருந்து நடத்தும் விசாரணை இறையாண்மையைப் பாதிக்கும் என்பது சொன்ன காரணம். 2009, 2012, 2013, 2014 ஆகிய நான்கு தீர்மானங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று கண்ணுக்குப் பட்டது. தீர்மானம் இலங்கை அரசின் கையில் பொறுப்பை விட்டுவைத்த வரை இந்தியா ஆதரித்தது. பொறுப்பு அந்தக் கையை விட்டு வெளியே போன அன்று விலகி நின்றது. 2021இலும் 2022இலும் வந்த தீர்மானங்களில் சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் ஏற்பாடு இருந்தது; இரண்டிலும் இந்தியா நடுநிலைதான். கூட்டணி மாறியது, ஆளும் கட்சி மாறியது, அந்த வரிசை மாறவில்லை. டெல்லியில் எந்தக் கட்சி வந்தால் என்ன ஆகும் என்ற வாதத்தில் மட்டும் மூழ்கியிருந்த எங்கள் ஊர் அரசியல் பேச்சுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு வந்த வசைக் கடிதங்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருந்தார்கள்.

உள்நாட்டு விஷயங்களில் ஆவணம் பெரும்பாலும் எண்களாக வரும். நிதிக் குழு அறிக்கை வருகிற நாளில் தொலைக்காட்சியில் 'மாநிலங்களுக்கு 41 சதவீதம்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு ரூபாய் நோட்டுக் கணக்காக மாற்றுவது என் வழக்கம். 15ஆவது நிதிக் குழுவின் கணக்குப்படி, மத்திய அரசு பகிர்ந்துகொள்ள வேண்டிய வரி 100 ரூபாய் என்றால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 ரூபாய்; அந்த 41இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், அதாவது 1 ரூபாய் 67 காசு. 13ஆவது நிதிக் குழுவின்போது இந்தப் பங்கு 4.969 சதவீதமாக இருந்தது; 14ஆவது குழு 4.023 ஆகக் குறைத்தது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் பணம் அந்த 100 ரூபாய்க்குள்ளேயே வராது. இவ்வளவையும் நான்கு வரியில் சொல்லிவிட்ட பிறகு, மாநில உரிமை பற்றி எந்தப் பெரிய சொல்லையும் நான் சேர்க்க வேண்டியதில்லை. வாசகர் அந்த 1 ரூபாய் 67 காசைப் பார்த்துத் தன் முடிவுக்குத் தானே வந்துவிடுவார். ஒருவர் குறைவு என்பார், பின்தங்கிய மாநிலத்துக்குப் போவது நியாயம்தானே என்பார் இன்னொருவர். இரண்டும் கணக்குத் தெரிந்த பேச்சு.

தேர்தல் பத்திர வழக்கில் 2024 பிப்ரவரி 15 அன்று வந்த தீர்ப்பை இரவு முழுக்கப் படித்தேன். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த மாதம் நடந்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. யார் யார் பத்திரம் வாங்கினார்கள் என்பது ஒன்று, எந்தக் கட்சி எவ்வளவு பணமாக்கியது என்பது மற்றொன்று. இரண்டையும் இணைக்கும் பத்திர எண் எதிலும் இல்லை. அன்று மாலை பலரும் பெரிய தொகைகளைக் கூட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்த எண் ஏன் இல்லை என்று எழுதினோம். உச்ச நீதிமன்றம் அதையும் தரச் சொல்லி உத்தரவிட்ட பிறகு, 21ஆம் தேதி எண்களோடு பட்டியல் வந்தது. அதற்குப் பிறகுதான் கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒரே வரியில் வைத்துப் பேச முடிந்தது.

உக்ரைன் போர் தொடங்கியபோது எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் கார்கிவ் நகரில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் இருந்தார்கள்; பெற்றோர் விழுப்புரத்திலும் தேனியிலும் இருந்தார்கள். செய்திப் பிரிவு அவர்களைப் பார்த்துக்கொண்டது. தலையங்க மேசைக்கு வந்த கேள்வி வேறு. 2022 பிப்ரவரி 25 அன்று பாதுகாப்பு மன்றத்தின் 15 நாடுகளில் 11 நாடுகள் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஆதரித்தன, தீர்மானம் தோற்றது. திருப்பூர் வாசகர் ஒருவர், "பதினொண்ணு ஓட்டு வாங்கியும் எப்படிங்க தோக்கும்?" என்று கேட்டார். ஒன்பது வாக்குகள் போதும், ஆனால் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது; ரஷ்யா அந்த ஐந்தில் ஒன்று. பள்ளிப் பாடத்தில் வருகிற விஷயம்தான். பிள்ளை அங்கே மாட்டிக்கொண்டிருக்கிற நாளில்தான் அது மனிதருக்கு உறைக்கிறது. மார்ச் 2 அன்று பொதுச் சபையில் 141 நாடுகள் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 நடுநிலை வகித்தன. இந்தியா இரண்டிலும் நடுநிலை. ஏன் என்று விளக்கி இந்தியா வாசித்த அறிக்கையை முழுவதும் தமிழில் கொடுத்தோம். நாடுகளின் இறையாண்மையையும் எல்லைகளையும் மதிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. யார் மீறினார்கள் என்று இல்லை. எனக்கு அந்த மௌனம் ஒப்பவில்லை. தலையங்கத்தில் அதைச் சொன்னேன். ரஷ்ய ஆயுதமும் எண்ணெயும் நமக்கு எவ்வளவு தேவை என்பதையும் பக்கத்திலேயே சொன்னேன். என் முடிவை மறுக்க விரும்புகிறவருக்கு வேண்டிய விவரமும் என் கட்டுரையிலேயே கிடைக்க வேண்டும் என்பது எனக்கு விதி.

அதே ஆண்டு கொழும்பில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தபோது, தமிழ்நாட்டில் பலருக்கு 2009ஐத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. அது இயல்பு. ஆனாலும் அந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் ஆவணங்களில் இருந்தன. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தார்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். வன்னியில் நெல் போடுகிறவரையும் நுவரெலியாவில் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்ணையும் அந்த உரத் தடை சிங்கள விவசாயியைப் போலவே அடித்தது. இதை எழுதியதற்கு, பகைவருக்குப் பரிந்து பேசுகிறீர்கள் என்று சிலர் வருந்தினார்கள். தேயிலைத் தோட்டத்தில் பட்டினி கிடப்பவரைப் பற்றி எழுதாமல் அந்நாட்டுத் தமிழர் மேல் எனக்கு என்ன அன்பு இருக்க முடியும்?

இன்றைக்கு மாலை நான்கு மணிக்குள் எல்லாரும் எல்லாவற்றைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தொலைக்காட்சி விவாதத்துக்கு என்னையும் கூப்பிடுவார்கள். தீர்ப்பு வெளியான இருபது நிமிடத்தில் கருத்துக் கேட்பார்கள். நான் போவதில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்த வேகத்தை நினைத்துப் பதற்றமாக இருக்கிறது. முந்தாவிட்டால் யார் படிப்பார்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுக்கிற பயிற்சி மிகச் சாதாரணமானது. ஓர் அமைச்சர் பேசிய பேச்சையும் அவருடைய துறை நாடாளுமன்றத்தில் எழுத்தில் கொடுத்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். ஒரு மாதத்தில் கண் திறந்துவிடும்.

2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறை பற்றி எழுதும்போது இதைத்தான் செய்தோம். மக்களவையில் மாநிலங்களுக்கான இடங்கள் 1971 மக்கள்தொகையை வைத்து 1976இல் நிறுத்தி வைக்கப்பட்டவை. 84ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது. மார்ச் 5 அன்று சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் ஒரு தீர்மானம் போட்டது. மார்ச் 22 அன்று பல மாநிலத் தலைவர்கள் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழு இன்னொரு தீர்மானம் போட்டது. எங்கள் மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் இரண்டையும் படித்துவிட்டு வந்து, "மேடம், இதுல 30 வருஷம் கேட்டிருக்காங்க, இதுல 25 வருஷம்னு இருக்கு" என்றார். அன்றைய எந்தத் தொலைக்காட்சியிலும் இது வரவில்லை. வேறு மாநிலங்களைச் சேர்த்துக்கொள்ளும்போது கோரிக்கை எப்படி மாறுகிறது என்பதற்கு அந்த ஐந்து ஆண்டுகளைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அதற்கு முன்பே, பிப்ரவரி 26 அன்று கோவையில் மத்திய உள்துறை அமைச்சர், விகிதாசாரப்படி பார்த்தால் தென் மாநிலங்கள் ஓர் இடத்தைக்கூட இழக்காது என்று பேசியிருந்தார். பலரும் அதை ஏற்றோ மறுத்தோ எழுதிவிட்டார்கள். நாங்கள் எண்களை எடுத்தோம். 1962இல் தமிழ்நாட்டுக்கு 41 இடங்கள்; 1967இல் 39. இன்று 543இல் 39 என்பது ஏறத்தாழ 7.2 சதவீதம். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவையில் 888 இருக்கைகள் இருக்கின்றன. மக்களவை அந்த அளவுக்கு விரிந்து தமிழ்நாட்டுக்கு 39 இடங்களே இருந்தால் நாம் ஓர் இடத்தையும் இழந்திருக்க மாட்டோம். நம் குரல் 4.4 சதவீதமாகச் சுருங்கியிருக்கும். இன்றைய பங்கே தொடர வேண்டுமானால் 64 இடங்கள் வேண்டும். ஆகவே அமைச்சரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் சொன்ன விகிதம் இன்றுள்ள இடங்களின் விகிதமா, இன்றுள்ள மக்கள்தொகையின் விகிதமா? தலையங்கத்தை அந்தக் கேள்வியோடு, உள்துறை அமைச்சகத்தின் பெயரைக் குறிப்பிட்டே நிறுத்தினோம்.

மறுநாள் காலை தென்காசிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பேசினார். "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. இந்தக் கேள்வியை நான் யாருக்கு எழுதணும்?" என்று கேட்டார். அவருடைய தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கு எழுதச் சொன்னேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அவையில் அது எடுத்துக்கொள்ளப்பட்டால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லியாக வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம் என்றேன். குறியிடாத கேள்வியாக எடுத்துக்கொண்டால் எழுத்தில் பதில் வரும், அதுவும் நல்லதுதான் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டு, உறுப்பினர் அலுவலகத்தின் முகவரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.